முன்பல் அடிபட்டால்: பெங்களூரில் தனியாகப் பட்டுத் தெரிந்துகொண்டது

கீழே விழுந்து வேரோடு வந்துவிட்ட பல்லைத் திரும்ப அதே குழியில் வைக்க முடியும் என்பது 33 வயது வரை எனக்குத் தெரியாது. என் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. சேலத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் பல் விழுவது என்றால் பால் பல் விழுவதுதான், சாணியில் வைத்துக் கூரைமேல் எறிந்தால் வேலை முடிந்தது. அடிபட்டு விழும் பெரிய பல்லையும் "போனது போச்சு, வேற கட்டிக்கலாம்" என்றுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பல் நிலைக்கிறதா இல்லையா என்பது இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். இதில் வரும் மருத்துவ விஷயங்கள் எனக்கு வைத்தியம் பார்த்தவர் பொறுமையாகச் சொன்னவையும், பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.டி.டி. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் நான் உட்கார்ந்து படித்தவையும்தான்.

தீபாவளி லீவு சமயம். என்னோடு தங்கியிருந்தவள் ஊருக்குப் போயிருந்தாள், எனக்கு ஆபீசில் மாதக் கடைசி வேலை இருந்ததால் நான் போகவில்லை. அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு ராத்திரி எட்டரை மணி வாக்கில் நடந்து வருகிறேன், மழை பெய்து விட்டிருந்தது. பெங்களூர் நடைபாதை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கல் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, கால் இடறியது, இரண்டு கையிலும் பை இருந்ததால் ஊன்றக்கூட முடியவில்லை, நேராக அடுத்த பலகையின் விளிம்பில் வாய் போய் மோதியது. வலி உடனே தெரியவில்லை. வாயில் சூடாக ரத்தமும் மண்ணும், நாக்கை நகர்த்தினால் முன்னால் ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடத்தை நாக்கு தொட்டபோது வந்த பயத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

பக்கத்தில் நந்தினி பால் பூத்தைச் சாத்திக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், என் வாயிலிருந்து வந்த "ஐயோ அம்மா"வைக் கேட்டே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். "ஒக்காரும்மா, எழுந்திரிக்காத, ஒக்காரு" என்று படியில் உட்கார வைத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் தேடி, சாக்கடை மூடி ஓரத்தில் கிடந்த பல்லை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் இது என்னுடையதா என்று சந்தேகமே வந்துவிட்டது, அவ்வளவு நீளம். நாம் கண்ணாடியில் பார்க்கும் வெள்ளைப் பகுதி பாதிகூட இல்லை, மீதி எல்லாம் வேர், மங்கலான மஞ்சள் நிறம், அதன்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக இளஞ்சிவப்பில் மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சவ்வுதான் விஷயமே என்று அப்போது தெரியாது. "பால்ல போட்டு வைக்கணும்மா, எங்க பாப்பா ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க" என்று அவர் நீல நந்தினி பாக்கெட் ஒன்றை வெட்டி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிப் பல்லை அதில் போட்டார். அந்த இரவில் சரியான காரியத்தைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டிக்குப் போனேன். அங்கே முதலில் தலையைப் பார்த்தார்கள், மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தீர்களா, எப்படி விழுந்தீர்கள் என்பது நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். அது முக்கியம், முகத்தில் அடிபட்டால் பல்லுக்கு முன்னால் தலை. டெட்டனஸ் ஊசி போட்டார்கள், அதுவும் சரி, தரையில் விழுந்த காயம். கிழிந்திருந்த கீழுதட்டுக்குத் தையல் போட்டார்கள். பல் டாக்டர் இல்லை, லீவு. டம்ளரை நீட்டியபோது நர்ஸ் பாலைக் கொட்டி, பல்லைக் குழாயில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பஞ்சுத் துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். "நாளைக்கு பல் டாக்டரைப் பாருங்க." மேலே இன்னொரு முன்பல் உள்பக்கம் தள்ளிப்போயிருந்தது, வாயை மூடினால் பற்கள் சேரவில்லை. அதை டியூட்டி டாக்டர் விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆடவில்லை, கெட்டியாக இருக்கிறது என்றார். பில் 6,800 ரூபாய்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வேரின் மேல் ஒட்டியிருந்த அந்தச் சவ்வு, பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்களின் மிச்சம். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருக்கும்போது பல்லைக் குழியில் வைத்தால் நார் மறுபடியும் பிடிக்க வாய்ப்பு உண்டு. வெளியில் காய்ந்தபடி 30 நிமிடம் கிடந்தாலே பெரும்பாலான செல்கள் செத்துவிடும், ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்தால் பிழைப்பவை இல்லை என்றுதான் டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாலின் உப்புச் செறிவு அந்தச் செல்களுக்கு ஒத்துப்போகிறது, அதனால் அவை கொஞ்ச நேரம் தாங்கும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் செல்கள் ஊதி வெடித்துவிடும். துணியில் சுற்றி வைப்பது அதைவிட மோசம். தேய்த்துக் கழுவினால் சவ்வே போய்விடும். என் பல்லுக்குப் பாலில் கிடைத்த அவகாசம் முழுவதும் அந்தப் பஞ்சுத் துணியில் வீணானது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே வேரோடு வந்த நிரந்தரப் பல்லை எடுக்கும்போது வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ அடிபட்டவரின் எச்சிலிலோ லேசாக அலசுங்கள், சுரண்ட வேண்டாம். அடிபட்டவர் நினைவோடு, பேசும் நிலையில் இருந்தால் அங்கேயே குழியில் சரியான பக்கம் திருப்பி வைத்து மெதுவாக அழுத்தி, ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லி டாக்டரிடம் போங்கள். இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி, பால்கூட இதற்கு அடுத்ததுதான். அடிபட்டவருக்குக் கை நடுங்கும், பக்கத்தில் இருப்பவர்தான் தைரியமாகச் செய்ய வேண்டும். வைக்க முடியாவிட்டால் பால். பாலும் இல்லையென்றால் ஒரு கிண்ணத்தில் அவரையே துப்பச் சொல்லி அந்த எச்சிலில் போட்டு வைக்கலாம். இளநீரில் போடலாமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் இளநீரில் புளிப்புத்தன்மை உண்டு. தெருவுக்குத் தெரு பால் கிடைக்கும் ஊரில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு முக்கியமான விதிவிலக்கு, சின்னக் குழந்தையின் பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய பல்லுக்கு அது கேடு. இதையெல்லாம் படம் போட்டுக் காட்டும் டூத் எஸ்.ஓ.எஸ். என்ற இலவச ஆப் ஒன்றை அதே சங்கம் வைத்திருக்கிறது. போனில் போட்டு வையுங்கள்.

மறுநாள் காலையில் திறந்திருந்த ஒரு கிளினிக்கைத் தேடிப் போனேன். அங்கே ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். துணியில் இருந்த பல்லைப் பார்த்துவிட்டு, இது இனி உதவாது, இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் திருகு பொருத்தி அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல், போட்டுவிடலாம், 45 ஆயிரம் ஆகும், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் விலை குறைத்துத் தருகிறோம் என்றார்கள். உள்ளே தள்ளிப்போன பல்லைப் பற்றி அவர்களும் ஆடவில்லை என்றுதான் சொன்னார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், வீங்கிய உதட்டோடு, பேச வராமல் உட்கார்ந்திருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் தோன்றும். எக்ஸ்ரேவுக்கு 500, அட்வான்ஸ் 5,000. அந்த அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை. அடிபட்ட அன்றைக்கு முடிவு செய்தே ஆக வேண்டிய விஷயம் எதுவும் இம்ப்ளாண்டில் இல்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியது பல்லை அதன் இடத்தில் நிறுத்துவது மட்டும்தான். யாராவது அன்றே இம்ப்ளாண்ட் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஆபீசில் கூட வேலை செய்யும் அக்காவுக்கு மெசேஜ் போட்டதில் அவர் ஜெயநகரில் தனக்குத் தெரிந்த ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார். லீவு நாளிலும் அந்த டாக்டர் மத்தியானம் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. எத்தனை மணிக்கு விழுந்தீர்கள், எங்கே, எதில் மோதியது, விழுந்த பல் எதில் எவ்வளவு நேரம் இருந்தது, முன்பு அடிபட்ட பல்லா, வாயை மூடினால் பற்கள் முன்பு சேர்ந்த மாதிரியே சேர்கின்றனவா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு நான் இல்லை என்று தலையாட்டியதும் அவர் முகம் மாறியது. அது நாமே வீட்டில் செய்துகொள்ளக்கூடிய சோதனை. பற்கள் பழையபடி சேரவில்லை என்றால் ஏதோ ஒரு பல்லோ தாடை எலும்போ இடம் மாறியிருக்கிறது, காத்திருக்கக் கூடாது.

அப்புறம் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாக லேசாகத் தட்டினார். கீழ்ப் பற்களிலும் பக்கத்துப் பற்களிலும் மங்கலான சத்தம், உள்ளே தள்ளிப்போன பல்லில் மட்டும் கணீரென்று உலோகத்தில் தட்டுகிற மாதிரி. எனக்கே காதில் வித்தியாசம் கேட்டது. சாய்ந்து இறங்கி மரத்தில் இறுகிப்போன ஆணி போல வேர் எலும்பில் சிக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஆடவில்லை, ஆடாதது இங்கே நல்ல அறிகுறி இல்லை என்று விளக்கினார். அடிபட்ட பிறகு லேசாக ஆடும் பல்லைக் கண்டு நாம் பயப்படுகிறோம். அது இடம் மாறாமல் இருந்தால் பல நேரம் மென்மையான சாப்பாட்டிலேயே தேறிவிடும். கோணலாகப் போய் அசையாமல் நிற்கும் பல்தான் அன்றைக்கே டாக்டர் தொட வேண்டிய பல். ஒரு பல்லை அசைத்தால் பக்கத்துப் பற்களும் சேர்ந்து ஒரே துண்டாக அசைந்தால் பற்களைத் தாங்கும் எலும்பே உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கோணலாகிச் சிக்கிய பல்லை என் விஷயத்தில் இரண்டு இடங்களில் தவறவிட்டார்கள், நல்லவேளை எலும்பு உடையவில்லை.

எக்ஸ்ரேவும் ஒன்று போதாது. அவர் நேராக ஒன்று, கோணம் மாற்றி இரண்டு, கடிக்கச் சொல்லி மேலிருந்து ஒன்று எடுத்தார். வேரில் விரிசல் இருந்தால் ஒரு கோணத்தில் தெரியாதது இன்னொரு கோணத்தில் தெரியும். வேர் முன்னால் போயிருக்கிறதா பின்னால் போயிருக்கிறதா என்பது சாதாரணப் படத்தில் பிடிபடாது என்று, பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரு கேள்விதான் என்னை உலுக்கியது. மூன்றாவதாக ஒரு பக்கத்துப் பல்லின் நுனி உடைந்திருந்தது, "அந்தத் துண்டு எங்கே?" என்றார். எனக்குத் தெரியவில்லை. தையல் போட்ட உதட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், உள்ளே அரிசி போல ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டது. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் ஃபிலிமை வைத்து எக்ஸ்ரே எடுத்தால், பல் துண்டு உதட்டுச் சதைக்குள் பளிச்சென்று தெரிந்தது. காஷுவாலிட்டியில் அதை உள்ளே வைத்தே தைத்திருக்கிறார்கள். உடைந்த பல்லும் கிழிந்த உதடும் சேர்ந்து இருந்தால் தையல் போடும் முன் உதட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். துண்டு எங்குமே கிடைக்கவில்லை, அதோடு இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே தேவைப்படும், மூச்சுக்குழாயில் போயிருக்கலாம்.

தையலைப் பிரித்துத் துண்டை எடுத்தார்கள். அதைத் தூக்கிப் போடவில்லை, சலைனில் 20 நிமிடம் ஊறவைத்து, பல்லிலேயே ஒட்டிவிட்டார். இப்போது அந்தக் கோடு வெயிலில் மிக அருகில் வந்து பார்த்தால்தான் தெரியும். பல்லில் துண்டு உடைந்தால் அதையும் காய விடாமல் கொண்டு போங்கள், கலர் பார்த்துப் புதிதாகக் கட்டுவதைவிட உங்கள் பல்லின் துண்டு பொருந்துகிற மாதிரி எதுவும் பொருந்தாது.

துணியில் கிடந்த பல்லைப் பற்றி அவர் ஒளிக்காமல் பேசினார். செல்கள் செத்துவிட்டன, இப்போது வைத்தால் நார் பிடிக்காது, எலும்பே நேராக வேரில் ஒட்டிக்கொள்ளும், காலப்போக்கில் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த இடத்தில் எலும்பு வளரும், சில வருடங்களோ அதற்கும் மேலோ நிற்கலாம், நிரந்தரம் இல்லை. ஆனாலும் வைப்பதில் லாபம் உண்டு, உங்கள் சொந்தப் பல் முகத்தில் இருக்கும், அந்த இடத்து எலும்பும் ஈறும் தேயாமல் இருக்கும், பிறகு இம்ப்ளாண்ட் போட வேண்டி வந்தால் அது உதவும் என்றார். வைக்கச் சொன்னேன். நேற்று ராத்திரியே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததும் அவர் பதில் சொல்லாமல் ஊசியை எடுத்தார். மரத்துப்போன பிறகு உள்ளே சிக்கிய பல்லை இரண்டு விரலால் அழுத்தி விடுவித்து நகர்த்தினார், எலும்பிலிருந்து அது விடுபட்டபோது மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. வலி இல்லை, அந்தச் சத்தம்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

பிறகு அந்தப் பற்கள் இடத்தில் நிற்கப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டினார். இதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டும் கம்பி மெல்லியதாக, லேசாக வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும், 0.4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம் என்பது வழிகாட்டுதல். தாடை எலும்பு முறிவுக்குப் போடுகிற மாதிரி தடித்த கம்பியால் இறுக்கிக் கட்டினால் பல்லுக்குத் தேவையான சின்ன அசைவு இல்லாமல் போய், எலும்போடு ஒட்டிக்கொள்வது அதிகமாகும். வேரோடு வந்த பல்லுக்கு 2 வாரம், கோணலாகத் தள்ளிப்போய்ச் சரிசெய்த பல்லுக்கு 4 வாரம். எனக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் என்பதால் 4 வாரம் வைத்திருந்தார். காத்திருக்கும் இடத்தில் கிரிக்கெட் பந்து பட்ட ஒரு பையன் வந்திருந்தான், வெளியே பல் முழுசாக இருந்தது, உள்ளே வேர் நடுவில் உடைந்திருந்தது. அவனுக்கும் 4 வாரக் கம்பிதான், ரூட் கேனால் உடனே செய்யவில்லை. வேர் நடுவில் உடைந்த பற்களில் பல, நரம்பு உயிரோடு இருந்தால் தானாகவே சேர்ந்துகொள்ளும் என்று அவன் அப்பாவிடம் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

அந்த வாரங்களில் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, தயிர் சாதத்தைக் கரைத்து, கஞ்சி, ரவை உப்புமா என்று ஓட்டினேன். மிக மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு வேளையும் தேய்க்க வேண்டும், வலிக்கிறது என்று விட்டுவிட்டால் ஈறு வீங்கி எல்லாம் கெடும். காலை மாலை குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். அதை அதிக நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை ஏறும், காபி டேஸ்ட்டே மாறிப்போகும், பயப்பட வேண்டாம், கறை சுத்தம் செய்தால் போய்விடும். அம்மாவுக்கு முதல் சில நாள் சொல்லவே இல்லை. வீடியோ கால் வந்தால் நெட் சரியில்லை என்று கட் செய்துவிடுவேன். ஒரு நாள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார், "ஏண்டி, வாயில என்ன வெச்சிக்கிட்டுப் பேசற" என்று கேட்டதும் அழுதுவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தனியாக இருக்கும் பெண்களுக்கு நான் சொல்வது, முதல் நாளே யாரையாவது கூப்பிடுங்கள். பாதி உதட்டோடு, மாத்திரை மயக்கத்தில், டாக்டர் சொல்வது காதில் ஏறாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வேரோடு வந்த பல்லில் நரம்பு மறுபடியும் உயிர் பெறாது, வளர்ந்து முடிந்தவர்களுக்கு 2 வாரத்துக்குள் ரூட் கேனால் தொடங்கியாக வேண்டும், கம்பி இருக்கும்போதே. தள்ளினால் உள்ளே கிருமி சேர்ந்து வேர் வேகமாகக் கரையும். தள்ளிப்போயிருந்த பல்லிலும் நரம்பு செத்துவிடும் வாய்ப்பே அதிகம் என்று அதற்கும் சேர்த்துச் செய்தார். அந்த இரண்டிலும் எனக்குக் கேள்வி இல்லை. நுனி உடைந்த மூன்றாவது பல்லில்தான் வேறு அனுபவம். இடையில் டாக்டர் ஊரில் இல்லாத சமயம் கூச்சம் வந்ததால் வீட்டுப் பக்கத்தில் வேறொருவரைப் பார்த்தேன். குளிர்ச்சியை வைத்துப் பார்த்தார், அந்தப் பல்லில் எனக்கு எதுவும் தெரியவில்லை, நரம்பு செத்துவிட்டது, இதற்கும் ரூட் கேனால் என்றார். அடிபட்ட பல் குளிர்ச்சியையோ மின்சாரச் சோதனையையோ உணராமல் இருப்பது 3 மாதம் வரை சகஜம், உள்ளே உயிர் இருந்தும் உணர்வு திரும்பாமல் இருக்கும். அந்த ஒரு சோதனையை வைத்து மட்டும் நரம்பை எடுக்கக் கூடாது, நிறம் கறுப்பது, எக்ஸ்ரேயில் வேர் நுனியில் நிழல், ஈறில் கொப்புளம், தட்டினால் வலி என்று இன்னும் ஏதாவது சேர்ந்து இருக்க வேண்டும். என் டாக்டர் காத்திருக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் ஐஸ் வைத்தால் சுருக்கென்று தெரிந்தது. அந்தப் பல் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ஒரு ரூட் கேனால் செலவும் மிச்சம்.

பணம் எவ்வளவு ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள். காஷுவாலிட்டி, வீணான அட்வான்ஸ், ஸ்கேன்கள், பல்லை வைத்துக் கம்பி கட்டியது, உதட்டைத் திறந்தது, இரண்டு ரூட் கேனால், அதில் ஒரு பல் சாம்பல் நிறமானதை உள்ளிருந்து வெளுக்க வைத்தது எல்லாம் சேர்த்து 50 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மெடிக்கல் இன்சூரன்சில் ஒரு ரூபாய் வரவில்லை. என் பாலிசியில் விபத்தால் ஏற்பட்ட பல் சிகிச்சைக்குப் பணம் உண்டு, ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது, பல் வைத்தியத்துக்கு யார் அட்மிட் ஆகிறார்கள்? உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை இப்போதே பார்த்து வையுங்கள். காஷுவாலிட்டி சீட்டில் விழுந்த நேரம், இடம், எந்தெந்தப் பல் என்று எழுதி வாங்குங்கள், என் சீட்டில் உதட்டுக் காயம் மட்டும்தான் இருந்தது. செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குக் கோட்டைப் பகுதியில், விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேறு பல் மருத்துவக் கல்லூரிகளும் இந்த ஊரில் நிறைய. கூட்டம் இருக்கும், நேரம் போகும், ஆனால் ரூட் கேனாலுக்கும் வாய் அறுவைக்கும் தனித்தனி துறைகள் ஒரே கட்டிடத்தில் கிடைக்கும்.

இப்போது வேரோடு விழுந்த அந்தப் பல், டாக்டர் சொன்னபடியே எலும்போடு ஒட்டிவிட்டது. தட்டினால் அதே கணீர். முதல் வருடம் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தார்கள், இனி வருடத்துக்கு ஒரு முறை, குறைந்தது 5 வருடம் பார்க்க வேண்டும், வேர் எவ்வளவு கரைகிறது என்று ஒவ்வொரு படத்தையும் பழைய படத்தோடு வைத்துப் பார்க்கிறார். அதனால் எல்லா எக்ஸ்ரேவையும் தேதி போட்டு என் போனிலும் மெயிலிலும் வைத்திருக்கிறேன், கிளினிக் மாறினாலும் புதிய டாக்டர் முதல் படத்திலிருந்து பார்க்கலாம். வலி இல்லை என்று இந்தப் பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள், வேர் கரைவது வலிக்காது. கொய்யா, கரும்பு எதையும் முன்பல்லால் கடிப்பதில்லை, வெட்டித்தான் சாப்பிடுகிறேன். இம்ப்ளாண்டுக்காக மாதம் 1,500 ரூபாய் தனியாகப் போட்டு வருகிறேன். போன முறை எடுத்த படத்தில் வேரின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாகியிருந்தது, இன்னும் நேரம் இருக்கிறது என்றார் டாக்டர்.